வெயிலுமுத்து தள்ளுகிற வண்டி

புது வண்டி எடுத்தவனிடம் எங்கள் கரிசல் பக்கத்தில் யாரும் வண்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்பதில்லை, மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது என்றுதான் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், கோயில் வாசலில் கேட்பார்கள், சாவு வீட்டில் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டே கேட்பார்கள், நானும் பதினொரு மாதமாக அந்தக் கேள்விக்குப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் வண்டிக்கு மைலேஜ் கிடையாது. அது டீசல் இல்லாமல் ஓடுகிறது. உள்ளூரில் இது எல்லோருக்கும் தெரியும், அசலூர்க்காரர்கள்தான் கேட்கிறார்கள். ஆனால் வண்டி வந்த முதல் நாள் அதைப் பற்றி எனக்கு என்ன தோன்றியது என்று ஒருத்தரும் கேட்டதில்லை, அதை நானாகத்தான் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் பாவம் அந்த முதல் நாளில்தான் இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை மதியம் அதை டவுனில் இருந்து எங்கள் வேம்படிப்பட்டிக்கு ஓட்டிவந்தேன். ஒன்பது வருடம் மூன்று சக்கர லோடு ஆட்டோவில் மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஈரக்குலை தொண்டைக்கு வந்து திரும்பிப் போன ஆள் நான். அந்த ஆட்டோவைக் கொடுத்துவிட்டு எடுத்த இந்தப் பெரிய பிக்கப்பில் ஏறி உட்கார்ந்ததும் ஊர் எல்லாம் குள்ளமாகிவிட்டது, வேலிக் கருவை தோளுக்குக் கீழே ஓடியது, ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது, ஏசிக் காற்று நெற்றி வேர்வையைத் தொட்டு எடுத்தது, ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் நிற்கிற ஆட்டுக்குட்டிகூட முன்னால் இருக்கிற திரையில் காதை ஆட்டியது. இரண்டு டன் ஏற்றினாலும் முனகாது என்று ஷோரூமில் சொன்னார்கள், சீட்டில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மனசு வராமல் அதன்மேலேயே வழுக்கி வழுக்கி உட்கார்ந்து ஓட்டினேன், நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக எதிரே வந்த பஸ்காரன் எனக்கு வழி விட்டான். டவுன் எல்லையில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, குழாய் தானாக டக்கென்று நிற்கிறவரை டீசல் போட்டுக்கொண்டேன். முழு டேங்க்.

எங்கள் பக்கம் புது வண்டி பச்சைப் பிள்ளை மாதிரி. ஷோரூம் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கியதெல்லாம் கணக்கில் சேராது, குலசாமி வாசலில் பூசணிக்காய் உடைத்து, முதல் லோடாக உப்பு ஏற்றி இறக்கிய பிறகுதான் அது வண்டி. அதற்கு முன்னால் அதில் நோயாளி ஏறக்கூடாது, ரத்தம் படக்கூடாது, உயிர் போகவே கூடாது, முதலில் எது ஏறுகிறதோ அதுதான் கடைசிவரைக்கும் ஏறும் என்பது வண்டிக்காரர்கள் பேச்சு. மேலத்தெரு நாகலிங்கத்தின் வண்டியில் முதலில் ஒரு பிணம் ஏறிவிட்டது, பிறகு ஏழு வருடம் அவனுக்குப் பிண லோடு தவிர வேறெதுவும் வரவில்லை என்று கதை உண்டு. எனக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் பூஜை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி வேப்பிலை கட்டினேன், என் மனைவி பேச்சி முகப்பில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

நாலு மணிக்கு எதிர்வீட்டுச் சண்முகக்கனி ஓடிவந்தாள். அவள் புருஷன் வெயிலுமுத்து மிளகாய்க் கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறவன், ஒன்பது வருடமும் என் லோடு ஆட்டோவில் மூட்டை அடுக்கியவன் அவன்தான், அன்று மதியம்கூட வந்து புது வண்டியைச் சுற்றிப் பார்த்து, பின்கதவைத் தட்டி, "இதுல அடுக்குறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்ணே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"யண்ணே, அவுகளுக்கு நெஞ்சு வலிக்குதாம், வேர்த்து ஊத்துது. ஆம்புலன்ஸு ஏதோ ஆக்சிடெண்டுக்குப் போயிருக்காம், வர ஒரு மணி நேரம் ஆகுங்காக. வண்டிய எடுங்கண்ணே."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன், வண்டியின் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தேன், நாகலிங்கத்தின் ஏழு வருடம் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றது. பூஜை போடவில்லை தாயி என்று உண்மையைச் சொல்லியிருந்தாலாவது அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். அதற்கு இடம் கொடுக்காமல் என் வாய் ஒரு பொய்யை முழுசாகச் செய்து நீட்டியது.

"டீசல் இல்லையே தாயி. ஷோரூம்காரன் ரெண்டு லிட்டருதான் ஊத்தி விட்டான், வாசலுக்கு வந்ததும் நின்னு போச்சு."

அவள் சந்தேகப்படவில்லை. "சரிண்ணே, நீங்க என்ன செய்வீக" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு ஓடினாள். பக்கத்து ஊரில் இருந்து ஷேர் ஆட்டோ வந்து, அதில் வெயிலுமுத்துவை மடக்கிப் படுக்கவைத்து, டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்க ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆனது. அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அவன் ஆறு மணிக்குச் செத்துப்போனான்.

தெருவில் சாவு விழுந்ததால் பூஜை பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை தள்ளிப்போனது, அத்தனை நாளும் வண்டி வேப்பிலை காய்ந்து வாசலில் நின்றது, நானும் சாவு வீட்டுக்குப் பந்தல் போட்டேன், பெஞ்சு தூக்கினேன், வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினேன், நல்ல மனுசன் என்று பெயர் வாங்கினேன். பதினேழாம் நாள் குலசாமி வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் டீசல் முள் அடியில் கிடந்தது. மூடியைத் திறந்து வேப்பங்குச்சியை விட்டுப் பார்த்தேன், குச்சி காய்ந்தே திரும்பி வந்தது. டீசல் ஊற்றாமலா வண்டியை எடுத்துவந்தீக என்று பேச்சி கத்தினாள், அவளும் என் பொய்யை நம்பியிருந்தாள். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தில் ஒரு குறை இல்லை, நான் அப்படியே கியரைப் போட்டு உப்பளத்துக்குப் போய் நாற்பது மூட்டை உப்பு ஏற்றி எண்பது கிலோமீட்டர் திரும்பி வந்தேன், முள் அசையவே இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய். மாட்டிக்கொண்டோம் என்றுதான் தோன்றியது. நான் டீசல் இல்லை என்றேன், வண்டி சரி என்று சொல்லிவிட்டது.

அதன் பிறகு மூன்று தடவை பங்கில் டேங்க் நிறையப் போட்டுப் பார்த்தேன், போட்டதெல்லாம் உள்ளே இறங்கியது, ஒரு சொட்டு ஒழுகவில்லை, மூடியைத் திருகி முடிப்பதற்குள் முள் அடிக்கு வந்துவிட்டது. நாலாவது தடவை போடவில்லை. வண்டி டீசல் இல்லாமல் ஓடுவதைப் பேச்சியிடம் சொன்னேன், பேச்சியிடம் சொன்னது பொங்கலுக்கு முன்னால் தெருக்குழாய்க்கும் அங்கிருந்து ஊருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஊர் இதை எப்படி வாங்கிக்கொண்டது என்பதைச் சொல்லவேண்டும். முதல் வாரம் எல்லோரும் வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் கம்பெனி எஞ்சினியர் மதுரையில் இருந்து வந்தார், டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தார், உள்ளே இருந்து ஒரு சிலந்தி இறங்கி ஓடியது, அவர் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, முள் பழுது என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வீட்டில் விசேஷம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். டேங்க் கழன்று திண்ணையில் கிடந்தபோதும் வண்டி ஸ்டார்ட் ஆகி அவரை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு வந்தது. பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டி, இது பாடத்தில் இல்லை, பரீட்சைக்கும் வராது என்று சொல்லிக் கூட்டிப்போனார். கல்யாணமாகாத பெண்கள் பின்கதவுக் கொண்டியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், பால் வற்றிய மாட்டை முகப்பு விளக்குக்கு நேராக நிறுத்தி வைத்தார்கள், டீக்கடைக்காரர் மட்டும், டீசல் செலவு இல்லாத வண்டிக்கு எதுக்குய்யா முழு வாடகை என்று நியாயம் கேட்டு, தன் கடைச் சரக்குக்குக் கொடுக்கிற வாடகையில் பாதியைக் குறைத்துவிட்டார். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அதிசயம் என்றால் முப்பது நாளைக்குத்தானே.

ஆனால் காரணம் தெரியாமல் ஊரால் இருக்க முடியாது. கோயில் பூசாரி ஒரு செவ்வாய்க்கிழமை சாமியாடி, கண்ணை உருட்டி என்னைப் பார்த்து, "டீசல் இல்லாமச் செத்தவன்தாண்டா டீசல் இல்லாம ஓட்டுறான்! நான் பட்ட பாடு இன்னொருத்தன் படக்கூடாதுன்னு பின்னால நின்னு தள்ளுறாண்டா வெயிலுமுத்து!" என்று சொன்னதும் கூட்டம் ஒரே மூச்சாக ஆமாம் போட்டது. அத்தனை அழகாகப் பொருந்திவிட்ட காரணத்தை யார் மறுப்பார்கள்? என் கால் நடுங்கியதைப் பார்த்து, சாமி செந்தட்டி மேலேயும் வரப்போகுது என்று இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் சண்முகக்கனி ஒரு தம்ளர் டீயைக் கொண்டுவந்து பின்கதவின் மேல் வைத்தாள். சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, வெயிலுமுத்து குடிக்கிற டீ. அன்றில் இருந்து தினமும் வைத்தாள். கொஞ்ச நாளில் என்னிடம் பேச ஆரம்பித்தாள், சண்டை போடுகிற குரலில் இல்லை, வேலைக்கு வைத்திருக்கிற முதலாளியிடம் ஒரு பெண்டாட்டி பேசுகிற குரலில்.

"யண்ணே, கண்மாய்க் கரை மேட்டுல ஏத்துறப்ப மெதுவா ஏத்துங்கண்ணே. அவுகளுக்கு இடுப்பு வலி உண்டு."

"சரி தாயி."

"நாப்பது மூட்டைக்கு மேல ஏத்தாதீக. உயிரோட இருந்தப்பத்தான் மாடா உழைச்சாக, செத்தும் உழைக்கணும்னு அவுக தலையில எழுதியிருக்கு."

"சரி தாயி."

"ஞாயித்துக்கெழமை லீவு விடுங்கண்ணே. கமிஷன் கடையிலயே ஞாயித்துக்கெழமை லீவுதான்."

ஞாயிற்றுக்கிழமை என் வண்டிக்கு லீவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவானது, அந்த நாளில் கல்யாணம் வைத்தவர்கள்கூட வேறு வண்டி பிடித்துக்கொண்டார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. செத்தவனுக்கு ஓய்வு கொடுக்கிற ஊர் நம் ஊர்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். இப்படி ஒரு தலையாட்டிப் பொம்மையாக நான் எட்டு மாதம் இருந்தேன்.

இதற்கு நடுவே சித்திரையில் அவள் தம்பி சுப்புக்காளை திருப்பூரில் இருந்து வந்தான். அக்காவைக் கூட்டிப்போக வந்தான், பனியன் கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருந்தான், அவன் வீட்டிலேயே ஓர் அறையும் ஒதுக்கியிருந்தான். அவள் வர மறுத்துவிட்டாள். அவன் என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணே, அக்காவுக்கு இருபத்தெட்டு வயசு. இப்பிடியே இந்த வண்டிக்கு டீ வச்சே கெழவியாயிருவா போல. அவுக அங்க தள்ளிக்கிட்டு இருக்காக, நான் எப்படிடா விட்டுட்டு வருவேங்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா."

எந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன் தம்பி என்று அனுப்பிவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். மனசாட்சி குத்தியது என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்குக் குத்தவெல்லாம் இல்லை, செருப்புக்குள் விழுந்த சிறு கல் மாதிரி அது பாட்டுக்குக் கிடந்தது, நான் அதன்மேல் நடந்துகொண்டே இருந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் கண்மாய்க் கரை மேட்டில் முப்பத்தெட்டு மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தேன், வழியில் மாட்டு வண்டி குறுக்கிட்டதால் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் எடுக்கலாம் என்று ரிவர்ஸ் கியர் போட்டேன். திரை விழித்தது. அதில் சண்முகக்கனி இருந்தாள். இரண்டு உள்ளங்கையையும் பின்கதவில் ஊன்றி, காலைச் சரளையில் அழுத்தி, தலையைக் குனிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பதறிப் பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். அவள் வெட்கப்பட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய் இருந்தன, மூட்டை தூக்குகிறவன் கை மாதிரி.

"தினமும் இங்க வர்றியா தாயி?"

"மேட்டுல மட்டுந்தாண்ணே. ஒத்தையில எம்புட்டுத்தான் தள்ளுவாக?"

நான் அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். கோழைக்கு ஒரு குறுக்கு வழி எப்போதும் தோன்றும், எனக்கும் தோன்றியது: ஊரில் சொல்லிவிட்டால் ஊர் போய் அவளிடம் சொல்லிவிடும். அந்த வெள்ளிக்கிழமை கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அன்றைக்கு டீசல் இருந்தது, முழு டேங்க் இருந்தது, பூஜை போடாத வண்டியில் உயிர் போய்விடுமோ என்று பயந்து பொய் சொன்னேன், வெயிலுமுத்து சாவுக்கு நான்தான் காரணம் என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

டீக்கடைக்காரர்தான் முதலில் கண்ணைத் துடைத்தார். "செந்தட்டி, நீ பெரிய மனுசன்யா. அந்தப் புள்ள திருப்பூருக்குப் போயிப் பொழைக்கட்டும்னு பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிறயே."

"இல்லண்ணாச்சி, நெசமாவே டீசல் இருந்துச்சு."

"முழு டேங்கு இருந்துச்சுன்னா எங்கய்யா போச்சு? எஞ்சினியரு கவுத்துப் பாத்தாருல்ல, சிலந்திதான வந்துச்சு? நாங்கதான் கண்ணால பாத்தோமே!"

பூசாரி என் தலையில் பரிவட்டம் கட்டிவிட்டார். அந்தத் துணியோடு நான் வீட்டுக்கு நடந்தபோது இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நின்றார்கள், பொய் சொன்னபோது கிடைக்காத மரியாதை உண்மை சொன்னபோது கிடைத்தது, அன்றைக்கு நான் பட்ட அவமானத்தை எந்தச் செருப்படியும் கொடுத்திருக்காது.

மறுநாள் காலையில் அவள் டீயோடு வந்தபோது வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தம்ளரை வைக்கவிடாமல் கையை நீட்டித் தடுத்தேன்.

"தாயி, ஊருல நேத்து ஒண்ணு சொன்னேன். கேள்விப்பட்டயா?"

"சொன்னாகண்ணே. எனக்காக அப்படிச் சொன்னீகன்னு."

"உனக்காகச் சொல்லல. அது நெசம். முழு டேங்கு டீசல் இருந்துச்சு. சாவி என் சட்டைப் பையில இருந்துச்சு. நீ வந்து நின்னப்பக்கூட அதத் தொட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

ஊர் மொத்தமும் நம்பாததை அவள் ஒருத்தி நம்பினாள். அது அவள் முகத்தில் மேலிருந்து கீழாக இறங்கியதை நான் பார்த்தேன். என் பொய்யை நம்பியவளும் அவள்தான். அவள் அழவில்லை, திட்டவில்லை, டீயைக் கீழே கொட்டவில்லை, தம்ளரைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"அப்ப அவுக தள்ளலயா?"

"இல்ல தாயி. எதனால ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவன் தள்ளல."

"நாலு மணிக்கு வண்டிய எடுங்க" என்றாள். "என்னய பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

நாலு மணிக்கு வந்தாள், கையில் ஒரு துணிப்பை. பதினொரு மாதத்தில் முதல் தடவையாக வண்டிக்குள் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். "இதுல மணி காட்டுமா?" என்று கேட்டாள். காட்டியது, நாலு மணி ஒரு நிமிஷம். "அன்னைக்கு எப்படிப் போயிருப்பீகளோ அப்படிப் போங்க" என்றாள். நான் போனேன். கண்மாய்க் கரை மேடு, இரண்டு பாலம், பங்கு, டவுன் எல்லை, எல்லாவற்றையும் ஒரு உயிரைக் காப்பாற்றப் போகிற வேகத்தில் தாண்டினேன், வண்டி அற்புதமாக இழுத்தது, முதல் நாள் நான் நினைத்ததை விட அற்புதமாக, ஒவ்வொரு வளைவிலும் அது என்னைக் காட்டிக்கொடுத்தது. அவள் ரோட்டைப் பார்க்கவே இல்லை, மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது நாலு இருபத்து மூன்று.

அவள் இறங்கி உள்ளே நடந்தாள். அவசர வார்டுக் கதவைத் தாண்டி, வெயிலுமுத்துவைப் போட்டிருந்த கட்டில் வரைக்கும் போயிருக்கவேண்டும். போன வேகத்தில் திரும்பி வந்து, என் பக்கத்துக் கண்ணாடி அருகில் நின்றாள்.

"கட்டிலு வரைக்கும் இருபத்தஞ்சு நிமிசம்" என்றாள். "பொழச்சிருப்பாக."

அண்ணே என்று சொல்லவில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே இருந்த பஸ் ஸ்டாண்டுக்குள் போனாள், காலையிலேயே போன் போட்டு வரவழைத்திருக்கவேண்டும், அங்கே சுப்புக்காளை காத்துக்கொண்டிருந்தான், திருப்பூர் பஸ் வந்தது, இரண்டு பேரும் ஏறினார்கள், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பஸ் மறைந்த பிறகும் வாசலை அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், வாட்ச்மேன் வந்து வண்டியை எடுங்கய்யா என்று கத்தினான். இனிமேல் இது ஓடாது என்று எனக்குள் ஒரு நிச்சயம் இருந்தது. ஓடாமல் போகட்டும் என்று குலசாமியை மனசார வேண்டிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது.